உண்ணாத நாளில் ஊசி எதற்கு?

(மேற்குத் தாம்பரத்தில் நம் அறக்கட்டளை நடத்திய மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தமிழாசிரியர்க்கு விழா மேடையில் இலக்கியத் தலைப்பைத் தருவதே வழக்கம். இவ்வாண்டு விழாக் குழுவினர் நோன்பையும் நீரிழிவையும் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளனர். நான் மருத்துவன் அல்லேன். மருத்துவ அறிஞர்கள் எழுதி வைத்தவற்றைப் பயின்று, நம் தமிழில் எடுத்துரைப்பதே என்னால் இயன்ற தொண்டு. மருந்தின் அளவையும் வேளையையும் உங்கள் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும் என்பதை முதலிலேயே கூறிவிடுகிறேன்.

இத்தலைப்புக்குத் தேவை உண்டு. வந்தவாசி, திண்டிவனம், ஆரணி, செஞ்சி வட்டாரச் சிற்றூர்களிலிருந்து வந்து தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர், மேடவாக்கம் என்று குடியமர்ந்த நம் குடும்பங்களில் நீரிழிவு மாத்திரை இல்லாத வீடு குறைந்து வருகிறது. அதே வீடுகளில் அட்டமி, சதுர்த்தசி உபவாசமும் தசலட்சண பருவ நோன்பும் தொடர்கின்றன. அது நமக்குப் பெருமையே. ஆனால் நோயும் நோன்பும் ஓருடலில் சந்திக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. "இன்று உணவே இல்லையே, பிறகு இன்சுலின் ஊசி எதற்கு? உண்டால்தானே சர்க்கரை ஏறும்?"

கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும் கேள்வி இது. பெரியவர்கள் கேட்கிறார்கள், பள்ளி செல்லும் பிள்ளைகளும் கேட்கிறார்கள். ஆயினும் இதற்கு விடை அறியாமல் ஊசியை நிறுத்தியவர்க்கு உயிருக்கே ஊறு நேரலாம். அந்த விடையைத் தேடிச் சர்க்கரையை விட்டுக் கொழுப்பின் பக்கம் போக வேண்டியிருக்கிறது. இன்றைய என் உரை அந்த வழியே செல்லும்.

பெயரில் மறைந்த பாதி

இந்நோய்க்கு நம் முன்னோர் இட்ட பெயர்களைப் பாருங்கள். நீரிழிவு என்றார்கள், சிறுநீர் மிகுந்து இழிவதைக் கண்டு இட்ட பெயர். மதுமேகம் என்றார்கள், அந்நீர் இனிப்பதை அறிந்து இட்ட பெயர். இன்று சர்க்கரை நோய் என்கிறோம். பின்னிரு பெயர்களும் சர்க்கரையையே சுற்றி நிற்கின்றன. எனவே நம் எண்ணமும் அங்கேயே நின்றுவிட்டது.

மேலைநாட்டு மருத்துவமும் இவ்வழியேதான் வந்தது. 1889-ஆம் ஆண்டு ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வான் மெரிங் என்னும் இருவர் ஒரு நாயின் கணையத்தை அகற்றினர். அந்நாய்க்கு நீரிழிவு வந்தது. அதன் சிறுநீரில் சர்க்கரை கண்டறியப்பட்டது. வாயில்லா உயிருக்கு இழைத்த அக்கொடுமையை நாம் ஏற்கவியலாது. ஆயினும் கணையத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை உலகம் அறிந்தது அதன் வழியேதான். நூறாண்டுக்குப் பின், 1992-இல், அமெரிக்காவின் டல்லஸ் நகர ஆய்வாளர் மக்கேரி 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். மின்கோவ்ஸ்கிக்கு நாவில் சுவையே தெரியாது இருந்து, மூக்கு மட்டும் கூர்மையாக இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று அதில் அவர் கேட்டார். சிறுநீரின் இனிப்பை அவர் விட்டிருப்பார். அதிலிருந்து எழும் அசிட்டோன் வாடையைப் பிடித்திருப்பார். அசிட்டோன் என்பது கொழுப்பு எரிந்து பிறப்பது. அவ்வாறாயின் நீரிழிவைக் கொழுப்பு நோய் என்றே மருத்துவ உலகம் அழைத்திருக்கும் என்பது அவர் கருத்து.

இன்சுலின் என்னும் சொல்லுக்கு இலத்தீன் மொழியில் 'தீவு' என்பது வேர்ப்பொருள். கணையத்தில் ஆங்காங்கே தீவுகளைப் போல் சிதறிக் கிடக்கும் உயிரணுத் திட்டுகளில் சுரப்பதால் அப்பெயர் வந்தது. 51 அமினோ அமிலங்கள் கோத்த சிறு புரதம் அது. சர்க்கரையைக் குறைக்கும் மருந்து என்று மட்டுமே அதை அறிந்திருக்கிறோம். உடலின் கொழுப்பு முழுவதற்கும் அதுவே காவலர் என்பதை அறியாதிருக்கிறோம்.

பானையும் பத்தாயமும்

நம் ஊர் வீடுகளில் அன்றாடச் சமையலுக்கு அடுக்களையில் ஓர் அரிசிப் பானை இருக்கும். அடுத்த அறுவடை வரைக்கும் வேண்டிய நெல் பத்தாயத்தில் இருக்கும். உடலிலும் இவ்விரண்டும் உண்டு. கல்லீரலில் கிளைக்கோஜன் என்னும் வடிவில் சேமிக்கப்படும் சர்க்கரை ஏறத்தாழ 100 கிராம். அதுவே அரிசிப் பானை. ஒரு நாள் உண்ணாதிருந்தால் அது பெரும்பாலும் தீர்ந்துவிடும். பத்தாயமோ கொழுப்புத் திசு. 60 கிலோ எடையுள்ள ஒருவரிடம் 12 கிலோ கொழுப்பு இருப்பதாகக் கொள்வோம். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். ஆகவே அவரிடம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கலோரி இருப்பில் உள்ளது. நாளொன்றுக்கு 1800 கலோரி செலவானால், ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்கு உரிய எரிபொருள் அது. நெடுநோன்பு நோற்றவர்கள் உயிர் தாங்கி நின்றதன் உடற்காரணம் இதுவே.

கொழுப்பு பத்தாயத்தில் கிடக்கும்போது ட்ரைகிளிசரைடு என்னும் வடிவில் கிடக்கிறது. மூன்று கொழுப்பு அமிலங்களைக் கிளிசரால் என்னும் ஒரு சிறு தண்டில் கட்டி வைத்த கட்டு அது. இரத்தப் பரிசோதனைச் சீட்டில் நீங்கள் காணும் ட்ரைகிளிசரைடும் இதுதான். பத்தாயத்துக்குப் போகும் வழியில் இருக்கும் கட்டு என்று கொள்ளலாம். கட்டை அவிழ்த்தால் கொழுப்பு அமிலங்கள் விடுபட்டு இரத்தத்தில் கலக்கும். தசையும் இதயமும் கல்லீரலும் அவற்றை எரித்து ஆற்றல் பெறும். கட்டுவதா, அவிழ்ப்பதா என்று ஆணையிடுவது இன்சுலின்.

உண்டபின் நடப்பது

நாம் உணவு உண்டவுடன் இரத்தத்தில் சர்க்கரை உயர்கிறது. கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. அப்போது கொழுப்பின் தொடர்பில் நான்கு செயல்கள் நிகழ்கின்றன.

முதலாவது, கொழுப்புத் திசுவை ஒட்டிய நுண்குழாய்களில் லைப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்னும் நொதியை இன்சுலின் முடுக்குகிறது. உணவிலிருந்து வந்த கொழுப்பை இரத்தத்திலிருந்து வாங்கிப் பத்தாயத்துக்குள் அனுப்பும் வாயில் அது.

இரண்டாவது, கொழுப்பு உயிரணுவுக்குள் சர்க்கரையையும் புகவிடுகிறது. அச்சர்க்கரையிலிருந்து கட்டுக்கு வேண்டிய தண்டு கிடைக்கிறது. அமிலங்கள் மூன்று மூன்றாகக் கட்டப்படுகின்றன.

மூன்றாவது, உள்ளே கட்டை அவிழ்க்கும் நொதியை அடக்கி வைக்கிறது. 'ஹார்மோன் உணர் லைப்பேஸ்' என்பது அதன் பெயர். எந்த ஆணைக்குக் கட்டுப்படுகிறது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. பத்தாயத்தின் கீழ்வாயை அடைத்துப் பூட்டுவது போன்றது இச்செயல்.

நான்காவது, கல்லீரலில் நிகழ்வது. பானை நிறைந்த பிறகும் சர்க்கரை மிகுந்து வந்தால், அதைக் கொழுப்பு அமிலமாக மாற்றுமாறு இன்சுலின் கல்லீரலை ஏவுகிறது. அப்படி மாற்றும்போது இடையில் மலோனைல் கோஎன்சைம்-ஏ என்னும் பொருள் உண்டாகிறது. கொழுப்பு அமிலத்தை எரிக்கும் உலை உயிரணுவின் மைட்டோகாண்டிரியாவில் உள்ளது. அவ்வுலையின் வாயிலை இப்பொருள் அடைத்துவிடுகிறது. ஒரு கையால் கொழுப்பைச் செய்துகொண்டே மறு கையால் அதை எரிக்கும் வீண்செயல் இதனால் தவிர்க்கப்படுகிறது. இந்த நுட்பத்தை 1977-இல் கண்டறிந்தவர்களுள் ஒருவர்தான் சற்றுமுன் நான் குறிப்பிட்ட மக்கேரி.

நெய்யையும் எண்ணெயையும் அறவே விட்டவர்க்கும் ட்ரைகிளிசரைடு உயர்வது ஏன் என்று பலர் வியக்கின்றனர். மேற்சொன்ன நான்காவது செயலே விடை. தட்டு நிறைய வெள்ளரிசிச் சோறும் மைதாப் பண்டமும் இனிப்பும் போனால், கொழுப்பைக் கல்லீரலே செய்துகொள்ளும்.

உண்ணாதபோது நடப்பது

உணவு நின்றால் இன்சுலின் இறங்குகிறது. பூட்டு தளர்கிறது. கொழுப்பு அமிலங்கள் வெளிவருகின்றன. கல்லீரலில் மலோனைல் கோஎன்சைம்-ஏ குறைவதால் உலை வாயிலும் திறக்கிறது. தசைகள் சர்க்கரையைக் கைவிட்டுக் கொழுப்பையே எரிக்கத் தொடங்குகின்றன.

மூளையின் நிலை வேறு. கொழுப்பு அமிலத்தை அது எரிபொருளாகக் கொள்வதில்லை. அதற்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். அரிசிப் பானை தீர்ந்தபின் மூளைக்கு யார் படியளப்பது? இங்கே கல்லீரல் ஒரு பேருதவி செய்கிறது. கொழுப்பு அமிலங்களை உடைத்துக் கீட்டோன்கள் என்னும் சிறு மூலக்கூறுகளாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. மூளை இவற்றை ஏற்றுக்கொள்ளும். பல நாள் தொடர்ந்து உண்ணாதிருப்பவர்க்கு மூளையின் தேவையில் பெரும்பகுதியைக் கீட்டோன்களே நிறைவு செய்கின்றன. அதனால் தசைப் புரதம் கரைந்து சர்க்கரையாவதும் குறைகிறது.

இக்கீட்டோன்கள் அமிலத் தன்மை உடையவை. இரத்தத்தின் கார அமில அளவு 7.35 முதல் 7.45 வரை என்னும் குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டும். அப்படியிருக்க, நலமுள்ள ஒருவர் பல நாள் நோன்பிருந்தும் இரத்தம் அமிலமாகிவிடாதது எதனால்?

இன்றைய உரையின் கரு இதுதான். சற்றுக் கூர்ந்து கேளுங்கள். உண்ணாத நாளில் இன்சுலின் குறைகிறதே அன்றி, அற்றுப்போவதில்லை. கணையம் சிறிதளவு சுரந்துகொண்டே இருக்கிறது. கீட்டோன்கள் மிகுந்தால் அவையே கணையத்தைச் சிறிது தூண்டி, கொழுப்பு வெளிவருவதை மட்டுப்படுத்துகின்றன. சர்க்கரையைத் தசைக்குள் செலுத்துவதற்கு மிகுந்த இன்சுலின் வேண்டும். கொழுப்பின் பூட்டைப் பிடித்து வைப்பதற்கோ அதிற் சிறுபங்கே போதும். அந்தச் சிறுபங்குதான் நோன்பாளியைக் காக்கிறது. பத்தாயத்தின் கீழ்வாயைக் கையளவு திறந்து வேண்டிய நெல்லை மட்டும் வாங்குவது போல, உடல் வேண்டிய கொழுப்பை மட்டும் வாங்கிக்கொள்கிறது.

நவபதார்த்தங்களில் ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு என்று படித்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது. உணவு வழி கொழுப்பு வந்து சேர்வதை ஊற்றென்றும், வரவை நிறுத்துவதைச் செறிப்பென்றும், சேர்ந்தது நோன்பால் மெல்லக் கழிவதை உதிர்ப்பென்றும் நினைவில் வைக்கலாம். உவமை உவமையளவில் நிற்கட்டும். வினையும் கொழுப்பும் ஒன்றல்ல.

காவலர் இல்லாத பத்தாயம்

முதல் வகை நீரிழிவில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்கள் அழிந்துவிடுகின்றன. குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் பெரிதும் வரும் நோய் அது. அவர்கள் உடலில் இன்சுலின் என்பது ஊசி வழி வருவது மட்டுமே. உணவு இல்லை என்று ஊசியை நிறுத்தினால், குறைவது என்ற நிலையைக் கடந்து இல்லை என்ற நிலைக்கு இன்சுலின் போய்விடுகிறது. உடல் அதை எப்படிப் புரிந்துகொள்கிறது? பெரும்பஞ்சம் வந்துவிட்டதென்று. பத்தாயத்தின் வாய் முழுவதும் திறந்து, கொழுப்பு அமிலம் வெள்ளமாகப் பாய்கிறது. கல்லீரல் அதையெல்லாம் கீட்டோனாக்குகிறது. போதாக்குறைக்குச் சர்க்கரையையும் தானே உண்டாக்கி இரத்தத்தில் கொட்டுகிறது. ஒரு பருக்கை உண்ணாமலே சர்க்கரை ஏறும் விந்தை இப்படித்தான் நேர்கிறது.

இரத்தத்தின் அளவு 7.3-க்குக் கீழ் இறங்குகிறது. கீட்டோன் அமிலத்துவம் என்று இதற்குப் பெயர். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்து விரைந்த மூச்சு, மூச்சில் அழுகிய பழத்தைப் போன்ற அல்லது நகப்பூச்சு நீக்கியைப் போன்ற வாடை, மயக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள். நோன்பின் களைப்பு என்று எண்ணிப் படுக்க வைத்துவிடக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டிய நிலை அது.

இன்சுலின் கண்டறியப்படுவதற்கு முன் இக்குழந்தைகளுக்கு மருத்துவம் என்னவாக இருந்தது என்பதை அறிந்தால் மனம் கலங்கும். அமெரிக்காவில் ஃபிரெடெரிக் ஆலன் என்னும் மருத்துவர் 1910-களில் கடும் பட்டினியையே மருந்தாகத் தந்தார். நாளுக்குச் சில நூறு கலோரியே உணவு. சர்க்கரை குறைந்தது; சில மாதங்கள், சிலருக்குச் சில ஆண்டுகள் ஆயுள் நீண்டது. ஆனால் குழந்தைகள் எலும்புக்கூடாயினர். விரும்பி ஏற்கும் நோன்புக்கும், உயிரைப் பிடித்து வைக்க விதிக்கப்பட்ட அப்பட்டினிக்கும் எவ்வளவு தொலைவு!

கனடாவின் டொராண்டோ நகரில் 1921-இல் பான்டிங், பெஸ்ட் ஆகியோர் கணையச் சாற்றைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரி 11 அன்று லியோனார்ட் தாம்ப்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. சாறு தூய்மையாக இல்லாமையால் பயன் சிறிதே. காலிப் என்னும் வேதியியலார் அதைத் தூய்மைப்படுத்தித் தர, ஜனவரி 23 முதல் மீண்டும் போட்டார்கள். சிறுநீரில் சர்க்கரை ஏறக்குறைய நீங்கியது, கீட்டோனும் மறைந்தது. பலரும் முதற்செய்தியை மட்டும் நினைவில் வைத்துள்ளனர். அச்சிறுவனைச் சாவினின்று மீட்டதில் இரண்டாம் செய்திக்கும் சம பங்கு உண்டு.

தாம்பரத்து இடுப்புகள்

நம்மில் பெரும்பாலோர்க்கு இருப்பது இரண்டாம் வகை நீரிழிவு. இதில் இன்சுலின் சுரக்கிறது. அதன் சொல்லை உடல் கேட்பதில்லை. கொழுப்புத் திசு கேளாதபோது பத்தாயத்தின் கீழ்வாய் கசிகிறது; உண்ட வேளையிலும் கொழுப்பு அமிலம் ஒழுகுகிறது. ஒழுகியது கல்லீரலில் சென்று படிகிறது. தசையிலும் படிந்து அங்கேயும் இன்சுலின் சொல்லைத் தடுக்கிறது. கணையமோ குரலை உயர்த்துவது போல் மேன்மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. கொழுப்பைச் செய் என்னும் ஆணையைக் கல்லீரல் அப்போதும் கேட்டுக்கொண்டேயிருப்பதுதான் துயரம். சர்க்கரை உற்பத்தியை நிறுத்து என்றால் கேளாது. கொழுப்பைச் செய் என்றால் செய்யும். கல்லீரற் கொழுப்பும் உயர்ந்த ட்ரைகிளிசரைடும் இவ்வாறு சேர்ந்தே வருகின்றன.

இத்துறையில் சென்னைக்குத் தனி வரலாறு உண்டு. பேராசிரியர் எம். விசுவநாதன் 1948-இல் அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். மருத்துவர் வி. மோகன் குழுவினர் 2001-இல் தொடங்கிய சென்னை ஆய்வில், கல்லீரலைப் பரிசோதித்த பெரியவர்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவர்க்குக் கல்லீரற் கொழுப்பு இருந்தது. மது அருந்தாதவர்களைப் பற்றிய கணக்கு அது. 'நாம் மதுவையும் புலாலையும் தொடுவதில்லை. நமக்கு ஏன் கல்லீரல் நோய்?' என்று நினைப்பவர்கள் இதைக் கருத வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு இணைந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட நாடளாவிய ஆய்வு, இந்தியாவில் நீரிழிவு உடையோர் 10.1 கோடி என்று மதிப்பிட்டது.

ஒல்லியானவர்க்கும் இது வருவதேன்? புனே நகர மருத்துவர் யாஜ்ஞிக்கும் இலண்டன் மருத்துவர் யுட்கினும் 2004-இல் 'லான்செட்' இதழில் தங்களையே எடுத்துக்காட்டாக வைத்து ஒரு படம் வெளியிட்டனர். உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு இருவர்க்கும் ஒன்றே, 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்ஞிக் உடலில் 21.2 விழுக்காடு. நம்மவர் உடல் வெளிக்கு மெலிந்து, உள்ளே, வயிற்றுப் பகுதியில் கொழுப்பைத் தேக்கும் இயல்புடையது. ஆகவே எடைப் பொறியை நம்பாமல் அளவு நாடாவை எடுங்கள். ஆடவர்க்கு இடுப்புச் சுற்று 90 சென்டிமீட்டரும் மகளிர்க்கு 80 சென்டிமீட்டரும் எல்லை.

ஊரில் ஏரிக்கரையிலும் கழனி வரப்பிலும் நடந்த கால்கள் இன்று மாடிப்படிக்கே மின்தூக்கியைத் தேடுகின்றன. கேழ்வரகுக் கூழ் இருந்த இடத்தில் தீட்டிய அரிசியும் பரோட்டாவும் வந்துவிட்டன. இதை மாற்றவியலும். மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவின் வாயிலில் நின்றவர்கள் உணவையும் நடையையும் சீராக்கியபோது, மூன்றாண்டுகளில் நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது.

நம் இரவுண்ணாமை நோன்பு இங்கே துணை வருகிறது. 2018-இல் அமெரிக்காவில் நீரிழிவின் வாயிலில் இருந்த ஆடவர் சிலரை, பிற்பகல் மூன்று மணிக்குள் அன்றைய உணவு முழுவதையும் முடிக்கச் செய்தனர். ஐந்து வாரத்தில், எடை குறையாமலே, இன்சுலினுக்கு உடல் செவிசாய்ப்பது மேம்பட்டது. எட்டே பேரை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் அதைப் பெரிதாக முழங்க வேண்டா. இரவு பத்து மணிக்கு உண்டு உறங்குவதைவிட, கதிரவன் மறையுமுன் உண்டு முடிப்பது நீண்ட இரவு முழுதும் இன்சுலின் தாழ்ந்திருக்க வழி செய்யும் என்பது மட்டும் தெளிவு. உயிர்களுக்கு ஊறு நேராதிருக்கவே நம் முன்னோர் அதை விதித்தனர். உடல்நலம் அதன் உடன்விளைவு.

ஊசியும் கொல்லாமையும்

'இன்சுலின் விலங்கிலிருந்து வருவதாயிற்றே' என்று தயங்கும் பெரியவர்கள் இன்னும் உள்ளனர். அவர்கள் தயக்கத்துக்கு ஒரு காலத்தில் முழுக் காரணம் இருந்தது. 1922 முதல் அறுபதாண்டுக் காலம் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே இன்சுலின் எடுக்கப்பட்டது. அந்நிலை மாறிவிட்டது. 1978-இல் நுண்ணுயிர் ஒன்றில் மனித இன்சுலினுக்கான மரபணுவைப் புகுத்தி உண்டாக்கும் முறை வந்தது. 1982-இல் அம்மருந்து விற்பனைக்கு ஒப்புதல் பெற்றது. பெங்களூருவிலேயே 2004 முதல் ஈஸ்ட் வழியாக இன்சுலின் செய்யப்படுகிறது. நுண்ணுயிரும் உயிரே என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும் மாவு புளிப்பதிலும் பால் உறைவதிலும் இல்லறத்தார் ஏற்றுக்கொண்ட எல்லைக்குள் இது அடங்கும் என்றே எண்ணுகிறேன்.

ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். நெடுநேரம் வேலை செய்வதற்காகச் சில வகை இன்சுலினில் புரோட்டமின் என்னும் பொருளைச் சேர்க்கின்றனர். அது பெரும்பாலும் மீனிலிருந்து பெறப்படுவது. அது சேராத நெடுநேர வகைகளும் உள்ளன; கிளார்ஜின் அவற்றுள் ஒன்று. மனம் ஒப்பாதவர் மருத்துவரிடம் மாற்று வகை கேட்கலாம். மாற்றுக் கிடைக்கும் வரை உள்ளதை நிறுத்தக் கூடாது. தன்னுயிரும் ஓர் உயிர்; அதற்கும் அபயம் தருவது நம் கடன்.

நோன்பு நோற்க விரும்புவோர்க்கு

முதல் வகை நீரிழிவு உடையவர்கள் எந்நாளிலும் அடிப்படை இன்சுலினை நிறுத்தலாகாது. அளவை மாற்றலாம், அதை மருத்துவர் மாற்ற வேண்டும். முழு உபவாசம் அவர்களுக்கு உகந்ததன்று.

இரண்டாம் வகையினர், பருவ நாள்களுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைக் காண வேண்டும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் உண்ணாத வயிற்றில் சர்க்கரையை மிகவும் தாழ்த்திவிடும். டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் போன்றவை நோன்பின்போது வேறொரு தீங்கைச் செய்யக்கூடும். சர்க்கரை அளவு ஏறக்குறைய இயல்பாக இருக்கும்போதே கீட்டோன் அமிலத்துவத்தைக் கொண்டுவரும். கருவியில் எண் நன்றாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடலாம். எந்த மாத்திரையை எத்தனை நாள் முன்னர் நிறுத்த வேண்டும் என்பதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நோன்பு நாளில் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளுங்கள். 70-க்குக் கீழ் இறங்கினாலும் 300-ஐத் தாண்டினாலும் அப்போதே நோன்பை முடிக்க வேண்டும். சித்திரை வைகாசி வெயிலில் நீரும் அருந்தாத உபவாசம் நீரிழிவு உடையோர்க்கு மிகவும் தீங்கு. உடல் நீர் வற்றினால் அமிலத்துவம் விரையும். பாரணையில் கரும்புச் சாறும் பாயசமும் முதலில் வேண்டா. அட்சய திரிதியை அன்று ஆதிபகவான் கரும்புச் சாற்றால் பாரணை செய்ததைப் போற்றுவோம். நீரிழிவு உடையவர் அதை ஒரு துளி பிரசாதமாக ஏற்றால் போதும்.

அப்படியாயின் நோயாளிக்குத் தவமே இல்லையா? உண்டு. உண்ணாமை புறத்தவம் ஆறனுள் ஒன்று மட்டுமே. வயிறு நிறையுமுன் நிறுத்துவதாகிய அவமோதரியமும் தவம். நெய், எண்ணெய், சர்க்கரை, உப்பு போன்ற சுவைகளைத் துறக்கும் இரசபரித்தியாகமும் தவம். இனிப்பைப் பத்து நாள் துறந்து, அரை வயிறு உண்டு, ஊசியை வேளை தவறாமல் போட்டுக்கொண்டு, சாத்திரம் பயிலும் பாட்டி எவ்விதத்திலும் குறைந்த நோன்பாளி அல்லர். தத்துவார்த்த சூத்திரம் கூறும் பதினாறு பாவனைகளில் தவத்துக்கு முன்னே ஓர் அடைமொழி உள்ளது: தன் ஆற்றலுக்கு ஏற்ற தவம். அந்த அடைமொழியை நம் வீடுகளில் உரக்கச் சொல்ல வேண்டும். 'அவர் பத்து நாள் இருந்தார், நீ இரண்டு நாள் கூட இருக்கவில்லையா?' என்று நோயாளியை யாரும் கேட்காதிருப்பதும் அகிம்சையே.

நம் முன்னோர் கணிமேதாவியாரும் காரியாசானும் தம் அறநூல்களுக்கு ஏலாதி, சிறுபஞ்சமூலம் என்று மருந்துகளின் பெயரையே சூட்டினர். நால்வகைத் தானத்துள் ஔடத தானத்தையும் வைத்தனர். டாக்டர் சவுரி முத்து 1928-இல் காசநோயாளிகளுக்கென மருத்துவ இல்லம் நிறுவியதால் சானடோரியம் என்றே ஒரு பகுதிக்குப் பெயர் வாய்த்த ஊர் நம் தாம்பரம். இந்த ஊரில் வாழும் நாம் அத்தானத்தைப் புதுப்பிக்கலாம். அறக்கட்டளைப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். தசலட்சண பருவத்துக்கு ஒரு திங்கள் முன்னதாக, நோன்பு நோற்கவிருக்கும் நீரிழிவு உடையோர்க்கு ஆண்டுதோறும் ஒரு மருத்துவ ஆலோசனை நாள் நடத்துங்கள். இளைஞர்கள் அன்று வந்து முதியோரின் மருந்துச் சீட்டுகளை எழுதித் தொகுத்துத் தரலாம்.

உண்ணாத நாளில் ஊசி எதற்கு என்று இனி யாரேனும் கேட்டால், உண்ட நாளில் கொழுப்பைச் சேர்ப்பதற்கும் உண்ணாத நாளில் அது வெள்ளமாகப் பாயாமல் காப்பதற்கும் என்று சொல்லுங்கள்.  எல்லா உயிர்களும் நலம் பெறுக.